'அல்லது' என்கிற சொல்லும் ஒரு பட்டர்புரூட் மரமும்

அந்தக் கடிதத்தை அப்பா பத்து நாளாகக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். ஏப்ரல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போன நான் நல்ல நேரம் பார்க்கக் காலண்டரைத் தூக்கியபோது கீழே விழுந்தது. ஒரே பக்கம், முழுக்கச் சிங்களம். அடியில் ஒரு சீல், ஒரு தொலைபேசி இலக்கம். அப்பா சிங்களம் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது.

"கரண்டு ஆளுங்க குடுத்துட்டுப் போனாங்க. ஏதோ போஸ்ட் போடப் போறாங்களாம். நல்லதுதானே?" என்றார்.

நல்லதுதான். ஆனால் கடிதத்தில் இருந்தது வேறு. எங்கள் காணிக்கு மேலாக 33 கிலோவோல்ட் கம்பி ஒன்று போகப்போகிறது. அதற்காகக் காணிக்குள் ஒரு கம்பமும் ஒரு இழுவைக் கம்பியும் வரும், மூன்று மரங்கள் வெட்டப்படும், ஆட்சேபம் இருந்தால் இன்ன தேதிக்குள் எழுத்தில் தர வேண்டும். அந்தத் தேதிக்கு நான்கு நாள்தான் பாக்கி.

இது 2018இல் நடந்தது. இலங்கையின் நுவரெலியா மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அந்த ஆபீஸில் இருந்தவர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எங்கள் காணி 14 பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி). அப்பா தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்து, ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதிக் காசு வந்ததும் தோட்ட எல்லைக்கு வெளியே ரோட்டோரமாக வாங்கியது. லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்டின் ஓர் அறையில்) பிறந்து வளர்ந்த ஒருவர் தன் பெயரில் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதி வாங்குவது என்றால் என்ன என்று வெளியூர் ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அந்த உறுதியை அப்பா லெமினேட் பண்ணி வைத்திருக்கிறார். (பண்ணக் கூடாது என்று நொத்தாரிசு திட்டினார். அது தனிக்கதை.)

வெட்டச் சொன்ன மூன்று மரங்களில் இரண்டு சவுக்கு. அவற்றைப் பற்றி எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. மூன்றாவது பட்டர்புரூட் மரம், புத்தகத்தில் ஆனைக்கொய்யா என்று போட்டிருக்குமே, அது. நான் ஓ.எல். எழுதிய வருஷம் அம்மா ஒரு கொட்டையைத் தண்ணீர்ப் போத்தலில் முளைக்கவைத்து நட்டது. காய்க்கிற காலத்தில் ஒரு முதலாளி வந்து மரத்தோடு விலை பேசி எடுத்துக்கொள்வார். அம்மாவுக்கு அது பென்ஷன் மாதிரி.

சரி, முதலில் அந்தக் கடிதம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். இதைத்தான் பலபேர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். "காணியைப் பிடிக்கப் போறாங்க" என்று ஒரு பக்கம் பயம், "கவர்மெண்டு வேலை, ஒண்ணும் பண்ண முடியாது" என்று இன்னொரு பக்கம் விரக்தி. இரண்டுமே சரியில்லை.

அரசாங்கத்துக்கு ஒரு காணி முழுதாக வேண்டுமென்றால் அதற்கு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தல் சட்டம் இருக்கிறது. 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டுவார்கள். 7ஆம் பிரிவில் நட்டஈட்டுக்கு உரிமை கோரச் சொல்வார்கள். விசாரணை, மதிப்பீடு என்று போய்க் கடைசியில் காணி உங்கள் கையை விட்டுப் போகும். உபமின் நிலையம் கட்ட, அணை கட்ட அதுதான் வழி. கம்பி இழுப்பது அப்படியல்ல. கம்பி போகிற வழிக்கு அனுமதி கேட்பதற்கு 'வேலீவ்' என்று பெயர். காணி உங்கள் பெயரிலேயே இருக்கும், உறுதியில் ஒரு எழுத்தும் மாறாது. ஆனால் அந்தக் கம்பிக்குக் கீழே என்ன நடலாம், என்ன கட்டலாம் என்பதில் இனி ஒரு கட்டுப்பாடு வந்துவிடும். பிற்காலத்தில் மேல்மாடி போட நினைத்தால், பிரதேச சபையில் பிளானைக் கொடுக்கும்போது கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேட்பார்கள். காணி போகாது, காணியின் ஒரு கைப்பிடி போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் நடைமுறையில் இருந்தது 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம். அதன் முதலாம் அட்டவணையில்தான் இந்த வேலீவும் மரம் வெட்டுகிற விஷயமும் இருந்தன. சாரம் இதுதான். கம்பி இழுக்கிறவர் முதலில் உங்களுக்கு அறிவித்து உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால் விஷயம் பிரதேச செயலாளரிடம் போகும். அவர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரித்து முடிவு சொல்வார். கம்பி இழுக்கிறவரே தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்ள முடியாது. நட்டஈடு உண்டு. மரத்துக்கும் அதே மாதிரி, கத்தியைத் தூக்குவதற்கு முன் அறிவித்தல் வர வேண்டும்.

இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024இல் 36ஆம் இலக்கச் சட்டம் வந்து, 2025இல் அதையும் திருத்தியிருக்கிறார்கள். ஆகவே இதைப் படித்துவிட்டு 2009ஆம் ஆண்டு நகலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். புதியதைத் தமிழில் வாங்கி, வேலீவ் பகுதியைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள்.

அப்பாவின் விஷயம் பெரிய சிக்கல் இல்லாமல் போனது என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு நாளில் ஆட்சேபம் எழுதிப் பதிவுத் தபாலில் ஒரு பிரதி மின்சார ஆபீஸுக்கும் ஒரு பிரதி பிரதேச செயலாளரின் டி.எஸ். ஆபீஸுக்கும் அனுப்பினோம். கம்பி வேண்டாம் என்று எழுதவில்லை. அதை அழுத்திச் சொல்கிறேன். 'கம்பி வேண்டாம்' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், கடைசியில் கம்பியும் வந்தது, அவர்கள் சொன்ன எதையும் யாரும் கேட்கவும் இல்லை. நாங்கள் எழுதியது மூன்று விஷயம்: கம்பம் காணிக்கு நடுவில் வராமல் எல்லையோரமாக வரவேண்டும், இழுவைக் கம்பி எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் காட்டவேண்டும், பட்டர்புரூட் மரம் காய்க்கிற மரம் என்று மதிப்பீட்டில் எழுதவேண்டும். கடிதத்தின் முதல் வரியில், எங்களுக்கு வந்த அறிவித்தலைத் தமிழில் தரும்படியும் கேட்டோம். அரசியலமைப்பின்படி தமிழும் நிர்வாக மொழிதான், கேட்பது சலுகை இல்லை. தமிழ்க் கடிதம் வந்தது. அதில் என் அப்பாவின் பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள், அதையும் சேர்த்து ஏற்றுக்கொண்டோம்.

இழுவைக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் போஸ்ட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கொங்கிரீட் கம்பம் நிற்க இரண்டு சாண் இடம் போதும். கம்பி திரும்புகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்டே கம்பி சரிவாக இறங்கிப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி மண்ணுக்குள் போகும். நம்முடைய மாதிரிச் சின்னக் காணிகளில் பாதையை மறிப்பதும், மாட்டுக்கொட்டிலுக்குக் குறுக்கே வருவதும் அதுதான். ஸ்கெட்ச் காட்டாமல் கையொப்பம் கேட்டால் முதல் கேள்வியே "ஸ்டே எங்க வருது மாத்தயா?" என்று இருக்கட்டும்.

மரத்தின் கதை இப்படி முடிந்தது. மதிப்பிட வந்தவர் கொப்பியில் 'மரம் 3' என்று எழுதினார். சவுக்கும் மரம், பட்டர்புரூட்டும் மரம், மூன்றுக்கும் விறகு விலை. அம்மா உள்ளே போய், பழம் வாங்குகிற முதலாளி கொடுத்த இரண்டு வருஷத் துண்டுச் சீட்டைக் கொண்டு வந்து நீட்டினார். சீனி டப்பாவுக்குள் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த சீட்டு. அவர் அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, நின்றபடியே படித்தார். அப்புறம் கொப்பியில் எழுதியதை வெட்டிவிட்டு வேறு மாதிரி எழுதினார். அந்த இரண்டு சீட்டு இல்லாவிட்டால் நாங்கள் எத்தனை சட்டம் பேசினாலும் அந்த வரி மாறியிருக்காது. காசோலை வர பதினோரு மாதம் ஆனது என்பது வேறு விஷயம். மரத்தை வெட்டிய அன்று அம்மா கோயிலுக்குப் போய்விட்டார், வெட்டி முடிந்து மூன்று மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். எங்கள் காணியைத் தாண்டிய அந்தக் கம்பி அடுத்ததாக இறங்கியது தோட்டத்துக்குள், சித்தப்பாவின் லயத்துக்கு.

சித்தப்பா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். இருபது காம்பரா லயத்தில் கடைசிக் காம்பரா, அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் இடம். அதில் போஞ்சியும் லீக்ஸும் போட்டிருந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து கொத்திவந்த மண், மலையிலிருந்து ஒவ்வொரு கூடையாகச் சாணமும் இலைக்குப்பையும் சுமந்து உண்டாக்கிய மண். ஒரு நாள் காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு) போய்விட்டு வந்தால், போஞ்சிப் பாத்தியின் நடுவில் தலையில் சிவப்பு பெயிண்ட் அடித்த ஒரு குச்சி நிற்கிறது.

கடிதம் இல்லை, ஆள் வந்து சொல்லவும் இல்லை. தோட்டத்து ஆபீஸில் போய்க் கேட்டால், "எங்களுக்குக் கடிதம் வந்துச்சு, தொரை சரின்னு எழுதிட்டாரு" என்றார்கள். தொரை என்றால் தோட்டத்து மனேஜர். முடிந்தது. காணி தோட்டத்தினுடையது, தோட்டம் சம்மதித்துவிட்டது, உனக்கென்ன?

சித்தப்பா எனக்கு ஃபோன் பண்ணினார். "ஏன் புள்ள, ஓப்பு இருக்கிறவனுக்குத்தானே லெட்டர் வரும். நமக்கு ஏது ஓப்பு?" ஓப்பு என்றால் உறுதி.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேலான கதை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழருக்குக் குடியுரிமையே போனது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. அந்தக் காணியில் குடியிருந்தவர்களுக்கு ஒன்றும் எழுதப்படவில்லை. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பிறகு 53 வருஷக் குத்தகை. ஆகக் காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, நடுவில் லயத்தில் இருக்கிறவன் யார்? "பத்து வருஷம் இருந்தா சொந்தமாகிடும்" என்று தோட்டத்தில் ஒருவர் விடாமல் சொல்வார்கள். தனியார் காணியில் அப்படி ஒரு வழி இருக்கிறது, 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம். அரசாங்கக் காணிக்கு எதிராக அது செல்லாது. நான்கு தலைமுறை இருந்தாலும் செல்லாது. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுத் தனி வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச், இப்போது 10 பேர்ச் என்று உறுதி கொடுக்கிறார்கள். சித்தப்பாவின் பிரிவுக்கு அது வரவில்லை.

அன்று இரவு அந்தச் சட்டத்தைத் திரும்ப வாசித்தேன். பத்து நாளைக்கு முன் அப்பாவுக்காக வாசித்தபோது கண்ணில் படாத ஒரு சொல் இப்போது பட்டது. அறிவித்தல் கொடுக்கச் சொல்கிற இடத்தில் காணிச் சொந்தக்காரர் என்று மட்டும் இல்லை. உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் என்று இருந்தது. அல்லது. உறுதி இருக்கிறதா என்று அந்தச் சொல் கேட்கவில்லை. இடத்தில் இருக்கிறாயா என்றுதான் கேட்கிறது.

இதை வைத்துச் சட்டத்தரணிகள் எனக்கு எதிராகவும் வாதாடலாம். 'அல்லது' என்றால் இரண்டில் ஒருவருக்குக் கொடுத்தால் போதுமே, தோட்டத்துக்குக் கொடுத்தாகிவிட்டதே என்று. மின்சார ஆபீஸில் அதைத்தான் சொன்னார்கள். என் பக்கத்து வாதம் என்னவென்றால், அந்தச் சொல் இருப்பதே குடியிருப்பவரின் பேச்சும் கேட்கப்படவேண்டிய பேச்சு என்பதைக் காட்டுகிறது. அவரை ஒரு ஆளாகச் சட்டம் பார்க்கிறது. ஒரு போஞ்சிப் பாத்திக்குள் குழி தோண்டுவதற்கு முன் அந்தப் பாத்தியைக் கொத்துகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பதற்கு அது போதும். பிரதேச செயலாளர் என் வாதத்தை ஏற்றுக்கொண்டார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. ஆனால் சித்தப்பாவை உட்காரச் சொன்னார்.

அந்த விசாரணை நடந்தது டி.எஸ். ஆபீஸின் மேல்மாடியில், பழைய மேசை போட்ட ஒரு அறையில். ஒரு பக்கம் மின்சாரத்தில் இருந்து ஒரு பொறியியலாளரும் ஒரு அத்தியட்சகரும், நடுவில் தோட்டத்து கிளாக்கர், இந்தப் பக்கம் சித்தப்பா, நான், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். சித்தப்பா கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பைக்குள் தேர்தல் இடாப்பில் பெயர் இருக்கிற பக்கத்தின் போட்டோ கொப்பி, கிராம சேவகரின் வதிவிடச் சான்று, அவருடைய அப்பாவின் பிறப்புப் பதிவு (பிறந்த இடம் அதே தோட்டம் என்று இருக்கிறது), லயத்தையும் போஞ்சிப் பாத்தியையும் பிடித்த எட்டுப் படங்கள். உறுதி இல்லாதவன் குடியிருப்பவன் என்று நிரூபிக்க இவ்வளவு காகிதம் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு லெமினேட் பண்ணின ஒரே காகிதம் போதுமாயிருந்தது.

பொறியியலாளர் நல்ல மனிதர். குச்சி நடுகிறபோது தான் வரவில்லை, வரைபடத்தில் அந்த இடம் தேயிலை என்று இருந்தது என்றார். உண்மைதான். தோட்டத்துப் பழைய வரைபடங்களில் லயத்துத் தோட்டங்கள் இருப்பதே இல்லை. அது காலியிடம் அல்லது தேயிலை. மேலேயிருந்து பார்க்கிறவனுக்குப் போஞ்சி தெரியாது.

சித்தப்பாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது அவருக்கு. "ஐயா, எட்டடி மேல தள்ளிப் போடுங்க. கானுக்கு மேல. அங்க எதுவும் இல்ல, தேயிலதான்" என்றார்.

தேயிலைதான்! அங்கேதான் பிரச்சினையே. கானுக்கு (தண்ணீர் வடிகிற வாய்க்காலுக்கு) மேலே போனால் பதினோரு தேயிலைச் செடியைப் பிடுங்க வேண்டும். கிளாக்கர் உடனே ஆபீஸுக்கு ஃபோன் போட்டார். பதினோரு செடிக்காக நடந்த வாதத்தைக் கேட்டிருக்கவேண்டும் நீங்கள். செடியின் வயது, கொழுந்து, மண்ணரிப்பு. சித்தப்பாவின் பாத்திக்காக அவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் பிரதேச செயலாளர் பேனாவை மூடிவிட்டு, எல்லாருமாகப் போய் அந்த இடத்தைப் பார்ப்போம் என்றார். அடுத்த வாரம் போனார்கள். கம்பம் கானுக்கு மேலே போனது. பிடுங்கியது ஏழு செடி.

அந்தப் பேச்சுக்கு நடுவில் கானோரம் ஈரமான சரிவு, கம்பம் நின்றால் மண் இறங்காதா என்று கேட்டேன். மலைநாட்டில் இதைக் கேட்காமல் எந்த ஸ்கெட்ச்சுக்கும் சம்மதிக்கக் கூடாது. மழைக்காலத்தில் கம்பத்துக்குத் தோண்டின குழியே மண் சறுக்குகிறதற்கு வாய் திறந்து கொடுக்கலாம். அடியைக் கல் வைத்துக் கட்டித் தருவதாக எழுதிக்கொண்டார்கள், செய்தும் தந்தார்கள்.

எனக்கு அப்புறம்தான் தெரியவந்த ஒன்றையும் சொல்கிறேன். வெறும் கம்பிக்குப் பதிலாக, உறை போட்டு முறுக்கிய ஏ.பி.சி. கேபிள் என்று ஒன்று குறைந்த அழுத்தத்துக்குப் பாவிக்கிறார்கள். மரத்துக்குப் பக்கத்தில் போகவேண்டிய இடத்தில் அதைப் போட்டால் அவ்வளவு கிளையை வெட்டத் தேவையில்லை. கேட்டுப் பார்க்கலாம். தகவல் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் போதும், வரைபடம், மதிப்பீட்டுத் தாள், யார் சம்மதித்தார்கள் என்ற பிரதி எல்லாம் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். நான் அப்போது இதைச் செய்திருந்தால் தோட்டத்துக்குப் போன அந்தக் கடிதத்தை முன்னமே பார்த்திருப்பேன்.

இதெல்லாம் கம்பத்துக் கம்பியின் கதை. டவர் கம்பி வேறு சாதி. அணைகளிலிருந்து கிளம்புகிற 132, 220 கிலோவோல்ட் கம்பிகளுக்குக் கீழே இங்கே பாதை என்று ஒதுக்குவது 132க்குச் சுமார் 27 மீட்டர், 220க்குச் சுமார் 35 மீட்டர் அகலம். கணக்குப் பார்ப்போம். 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி, சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 44 அடி. 27 மீட்டர் என்பது 89 அடி. அப்படியொரு கம்பி ஒரு 7 பேர்ச் வீட்டுக்கு நேர் மேலே வந்தால் வழி விடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, முழு வீடுமே அந்தப் பாதைக்குள் போய்விடும். அப்போது கேட்கவேண்டியது வேலீவுக்கு நட்டஈடு அல்ல, மாற்றுக் காணியும் மாற்று வீடும்.

டவர் கம்பிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் கேட்கிற இரண்டு கேள்வி உண்டு. தகரக் கூரையைத் தொட்டால் சுர்ரென்கிறதே என்பது ஒன்று. கம்பி தொடாமலேயே அதன் அழுத்தம் தகரத்திலும் உடுப்புக் காயப்போடுகிற கம்பியிலும் கொஞ்சம் மின்னை ஏற்றும், தகரத்தை முறையாகப் புவியோடு இணைத்தால் போய்விடும். அதைச் செய்துதரக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றது நோய். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 2002இல் இந்தக் காந்தப் புலத்தை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில், 2பி பிரிவில், போட்டது. அந்தப் பிரிவின் அர்த்தம் ஆதாரம் பலமாக இல்லை, சந்தேகத்தைத் தள்ளிவிடவும் முடியாது என்பதுதான். பயந்து வீட்டை விட்டு ஓடுகிற விஷயமில்லை. புது வீடு கட்டுகிறபோது தள்ளிக் கட்டுகிற விஷயம்.

பனி இறங்குகிற இரவுகளில் அந்த டவர்கள் முனகும். தலவாக்கலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தேனீக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு சத்தம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாத்தாவிடம் அது என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறேன். "கொழும்புக்குப் போகுது" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார்.

அவர் சொன்னதுதான் சரித்திரம். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார், 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அப்புறம் காசல்ரீ, மவுசாக்கலை, கென்யன், 1985இல் கொத்மலை, 2012இல் மேல் கொத்மலை என்று அணைகள். மவுசாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் அந்தப் பழைய கோயில் இன்னும் தலை காட்டும், சனங்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார்கள். தாத்தாவின் காம்பராவுக்கு மேலால் கம்பி போய் எத்தனையோ வருஷம் கழித்துத்தான் அந்தக் காம்பராவுக்குள் பல்பு எரிந்தது. அதுவரை குப்பி லாம்புதான். அப்பா அந்த வெளிச்சத்தில்தான் படித்தார், அல்லது படிக்காமல் விட்டார்.

அதனால்தான் 'கம்பியே வேண்டாம்' என்று என் வாயில் வரவில்லை. அந்த 33 கிலோவோல்ட் கம்பி போனதே கீழ்ப் பிரிவுக்கு ஒரு ட்ரான்ஸ்போமர் வைக்க. அது வந்ததால்தான் சித்தப்பாவின் லயத்துக்குத் தனித்தனி மீட்டர் கிடைத்தது.

அந்த மீட்டருக்குக் கம்பத்திலிருந்து வயர் வரவேண்டும். நேராக வந்தால் பக்கத்துக் காம்பரா அக்காவின் இஸ்தோப்புக்கு (திண்ணைக்கு) மேலால்தான் வரும். அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும் என்று படிவத்தோடு வந்தார்கள். சித்தப்பா அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு, ஸ்கூல் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதில் லயத்தை வரைந்து, கம்பத்தை ஒரு புள்ளியாகவும் வயரைக் கோடாகவும் போட்டு, அக்காவின் வாசலில் போய் நின்றார். நானும் கூடப் போயிருந்தேன்.

அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு என் கோழிக்கூட்டுக்கு மேலல்ல போகுது?"

"ரெண்டடி மேலதான்மா போகும். உறை போட்ட வயரு. கோழிக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு எழுதித் தருவீங்களா அண்ணே?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதற்குள் யோசித்துவிட்டு, எழுதவெல்லாம் வேண்டாம், கூட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துத் தந்தால் ஒப்பம் போடுகிறேன் என்றார். பழைய பலகையில் அடித்த கூடு, நல்ல பாரம். உள்ளே ஆறு கோழியும் ஒரு சேவலும் இருக்க, நாங்கள் மூன்று பேருமாகத் தூக்கினோம்.